பாதி வாரத்துக் கணவன்

செல்வி,

கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக நீ கையை ஆட்டினபோது, "போயிட்டு வா" என்று மட்டும்தான் சொன்னேன். அந்த பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரைக் கூடத் தாண்டியிருக்காது, அதற்குள் சொல்ல வேண்டியதெல்லாம் எனக்கு வந்துவிட்டது. வெறும் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேச்சில் நீ கெட்டிக்காரி. நானோ மில் ஆபீசில் அடுத்தவர்கள் சொன்னதை டைப் அடித்தே காலத்தை ஓட்டினவள். உட்கார்ந்து எழுதினால்தான் எனக்குச் சொந்தமாக நாலு வார்த்தை வரும். அதனால் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். கம்ப்யூட்டர் சென்டரில் வைத்துப் படிக்காதே, ரூமுக்குப் போய் படி.

பொங்கல் லீவுக்கு வந்து மூன்றாம் நாள், நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "அம்மா, எங்க சென்டர் மேனேஜரைக் கட்டிக்கலாம்னு இருக்கேன். அவருக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிருச்சு" என்றாய். ஒரே வாக்கியத்தில் ரெண்டையும் சொல்லிவிட்டாய். என் கை நின்றதைப் பார்த்துவிட்டு நீயே தொடர்ந்தாய். "அவரு சம்சாரம் பொள்ளாச்சில மாமனார் மாமியாரோட இருக்காங்க. அவங்களுக்குச் சம்மதம்னு அவர் சொல்லிட்டாரு. நான் சம்பாதிக்கேன், எனக்கு யாரும் சோறு போட வேண்டாம். எனக்கு முழுநேரமும் ஒரு ஆளைக் கட்டி அழவும் முடியாது. நீ அப்படித்தானேம்மா இருந்தே? சந்தோஷமாத்தானே இருந்தே?" நான் கீரையை அலச எழுந்து போய்விட்டேன். கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபமில்லை, செல்வி. நீ கேட்டது நியாயமான கேள்வி. ஆமாம் என்று சொன்னாலும் பொய், இல்லை என்று சொன்னாலும் பொய். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

நான் உங்கப்பாவைக் கட்டிக்கொண்டபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. எங்கப்பா இறந்த வருஷமே மில்லில் டைப்பிஸ்ட் வேலைக்குச் சேர்ந்து, ரெண்டு தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்து, அம்மாவையும் கடைசிவரை பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, என்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் மனைவி இறந்த கிழவர்களாக இருந்தார்கள். தனியாக இருக்கிற பொம்பளைக்கு வீடு கொடுக்க யோசிப்பார்கள். கொடுத்தால், ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறாள் என்று பார்ப்பார்கள். உங்கப்பா அப்போது சத்திரப்பட்டி ரோட்டில் தறிப்பட்டறை வைத்து பேண்டேஜ் துணி நெய்துகொண்டிருந்தார். நூல் எடுக்க மில்லுக்கு வருவார். லோடு ஏறுகிற வரைக்கும் என் மேஜை பக்கத்தில் இருக்கிற பெஞ்சில் உட்காருவார். வெளியூர் ஆஸ்பத்திரிக்கு இங்கிலீஷில் ஒரு லெட்டர் எழுதிக் கொடுக்கச் சொல்லித்தான் முதலில் பேசினார். எழுதிக் கொடுத்ததும், "இப்படி எழுதினா ஆர்டர் வருமா? நீங்க என்ன நெனைக்கீங்க?" என்று கேட்டார். அந்த ஆபீசில் என்னிடம் 'நீங்க என்ன நினைக்கிறீங்க' என்று யாரும் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் விழுந்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். சிரி.

கல்யாணமானவர் என்பதை அவர் மறைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மனைவி இருக்கிறாள், பெயர் கோமதி, ஒரு பையன் இருக்கிறான், எல்லாம் சொன்னார். "நல்லவதான். ஆனா சோறு, தண்ணி தவிர எங்களுக்குள்ள பேச்சே கெடையாது" என்றார். என்னைக் கட்டிக்கொள்ளலாமா என்று அவர் கேட்டதும் நான் ஒரு மாசம் யோசித்தேன். யோசித்த விதம் அப்படியே உன்னுடைய விதம்தான். நான் சம்பாதிக்கிறேன். அந்த அக்கா தட்டிலிருந்து ஒரு பருக்கை எடுக்கப் போவதில்லை. அவள் வீடு அவளுக்கு, என் வீடு எனக்கு. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "அவிய சம்மதிச்சாங்களா?" "சொல்லிட்டேன். அவளுக்குச் சம்மதம்" என்றார். அய்யனார் கோவிலில் தாலி கட்டிக்கொண்டோம். ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது, பூசாரி சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. தாலிக்குத் தங்கம் நானே வாங்கியிருந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை. சட்டத்தில் இந்தத் தாலிக்கு மதிப்பில்லை என்று தெரியாமல் இல்லை. கோர்ட்டும் அதே ஸ்ரீவில்லிபுத்தூரில்தானே இருக்கிறது.

திங்கள், புதன், வெள்ளி ராஜபாளையத்தில் நம் வீடு. மற்ற நாள் ஸ்ரீவில்லிபுத்தூர். நீ சொன்னது சரி, நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அவர் வருகிற நாளில் மல்லிகைப்பூவும் மீன் குழம்பும். வராத நாளில் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து உனக்கு ஒரு தோசை, எனக்கு ஒரு தோசை, பிறகு லைப்ரரிப் புத்தகம். என்னோடு வேலை பார்த்த பெண்கள் காலையில் மாமியாருக்குக் கஷாயம் போட்டுவிட்டு, புருஷனுக்கு டிபன் கட்டிவிட்டு, ஓட்டமும் நடையுமாக வந்து நாற்காலியில் விழுவார்கள். சம்பளத்தன்று கவர் பிரிக்காமல் அப்படியே வீட்டுக்குப் போகும். நான் அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவேன். வேலைக்குப் போகிற பொம்பளைக்குப் பாதிப் புருஷன்தான் சரி என்று ஒருத்தியிடம் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை. "கொடுத்து வச்சவ" என்றாள். உனக்கு ஒரு தடவை ஜன்னி கண்டபோது அது அவர் வராத நாள். ரிக்‌ஷாவில் உன்னைப் போட்டுக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். காய்ச்சல் இறங்கின பிறகு, பார்த்தாயா, யார் தயவும் இல்லாமல் செய்துவிட்டேன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். போகிற வழியெல்லாம் அழுததை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயம், ஊர் ஊருக்குச் சத்துணவுக் கூடம் திறந்தார்கள். அமைப்பாளர் வேலைக்கு விதவைகளுக்கும், புருஷன் கைவிட்ட பெண்களுக்கும் முதலிடம் என்று சொன்னார்கள். ஒரு புதன்கிழமை உங்கப்பா சட்டையைக் கூடக் கழற்றாமல் வந்து நின்றார். முகமெல்லாம் சிவந்திருந்தது. "கோமதி சத்துணவு வேலைக்குப் போய் நின்னுருக்கா. ஆபீசர் கேட்டிருக்காரு, 'உங்க வீட்டுக்காரர் ராஜபாளையத்துல தறி ஓட்டுறாரே, கைவிட்டவர்னு எப்படிம்மா சொல்லுதீங்க'ன்னு. இவ சொல்லிருக்கா, 'அவிய இருக்காவ ஐயா. எனக்கு இல்ல'ன்னு. அத்தனை பேர் முன்னாடி! நான் உயிரோட இருக்கும்போதே என்னைக் கொன்னு போட்டா."

நான் காபியை நீட்டினேன். "வேலைதானே, போகட்டுமே. நான் போகலையா?" என்றேன்.

"நீ போறது வேற."

"ஏன் வேற?"

"நீ முன்னாடியே போய்க்கிட்டு இருந்தவ. அவ வீட்ல இருந்தவ. அவ போயிட்டா வீட்டை யாரு பாக்க?"

அந்தப் பதிலை நான் அன்றைக்கே உற்றுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என்னை உயர்த்திச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கோமதி அக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு வருஷம் ஓடியது. பிறகு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நான் ஆபீஸ் விட்டு வந்தால், வாசலில் உங்கப்பா ஒரு டிரங்குப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். நீ ஓடிப்போய், "அப்பா, இன்னைக்கு வியாழக்கிழமை" என்று சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அவர் உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "இனிமே வர வேண்டாம்னு சொல்லிட்டா" என்றார். சண்டை இல்லை, சத்தம் இல்லையாம். வேட்டி சட்டையெல்லாம் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்து, வாசலில் கொண்டு வந்து வைத்தாளாம். எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது, மறைக்க மாட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. இனி ஏழு நாளும் எனக்குத்தான்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் இருந்தது. அவர் மோசமானவர் இல்லை செல்வி, உனக்கே தெரியும். ஆனால் நான் பார்த்திருந்தது வெள்ளைச் சட்டை போட்டு விருந்துக்கு வருகிற மனுஷனை. ஐந்து மணிக்கு எழுந்ததும் காபி வேண்டும். வயிற்றுப் புண்ணுக்குக் காரமில்லாமல் தனிக் குழம்பு வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வெந்நீர் வேண்டும். ஊரிலிருந்து அவர் சொந்தக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் நாலு பேர் வந்து நிற்பார்கள். நான் ஆபீஸில் ஒரு மணி நேரம் கூட இருந்துவிட்டு வந்தால், "இம்புட்டு நேரம் என்ன வேலை?" என்பார். லைப்ரரிப் புத்தகத்தைத் திறந்தால் விளக்கு கண்ணைக் கூசுகிறது என்பார். நாலாம் மாசம், "பேசாம வேலையை விட்டுரு. தறியில வர்றது போதும்" என்றார். என்னிடம் 'நீங்க என்ன நினைக்கிறீங்க' என்று கேட்ட அதே வாயால் சொன்னார். அவர் மாறிவிடவில்லை. இதெல்லாம் எத்தனையோ வருஷமாக இன்னொரு வீட்டில் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்கு வந்தது அந்த வீட்டில் துவைத்து, தேய்த்து, வயிறு நிரப்பி அனுப்பின மனுஷன். என் கையில் புத்தகம் இருந்த அத்தனை சாயங்காலமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருத்தி கையில் அவர் வேட்டி இருந்திருக்கிறது.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு உன்னைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோமே, ஒரு பள்ளிக்கூடத்தில் உனக்குச் சாம்பார் சாதம் போட்டார்களே, அது கோமதி அக்காவின் சத்துணவுக் கூடம். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று நீ நினைத்துவிடாதே. அவரைத் திரும்பவும் பாதி வாரம் ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கேட்கப் போனேன்.

அவள் என்னைப் பார்த்ததும் யாரென்று கேட்கவில்லை. கரண்டியை ஆயாவிடம் கொடுத்துவிட்டு, முதலில் உன்னை வரிசையில் உட்காரவைத்துத் தட்டு கொடுத்தாள். பிறகு வேப்பமரத்தடிக்கு வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சொல்லு" என்றாள். நான் சுற்றி வளைத்தேன். பையன் அப்பாவைத் தேடுவான், ஊர் என்ன சொல்லும், இப்படி என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் லேசாகச் சிரித்தாள்.

"பாரம் தாங்கலையோ?"

எனக்குத் தலை நிமிரவில்லை.

"நான் ஒண்ணும் குத்திக் காட்டல. எனக்குத் தெரியும்லா, எம்புட்டு பாரம்னு. நல்ல மனுசந்தான். ஆனா தனக்குன்னு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடிக்கத் தெரியாது."

"நீங்க சம்மதிச்சதாலதான் நான் கட்டிக்கிட்டேன் அக்கா" என்றேன். ஏன் அந்த நேரத்தில் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "யாரு சம்மதிச்சா? அவிய எங்கிட்டச் சொல்லவே இல்லையே. பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உனக்குப் பிள்ள பெறந்ததும் அந்தப் பால்காரர் சொல்லித்தான் தெரியும்."

பிள்ளைகள் தட்டு கழுவ எழுந்து போனார்கள். பிறகு அவளே பேசினாள். "உன்னைப் பாக்கணும்னு ஒரு நா ராஜபாளையம் வந்தேன். மில்லு கேட்டுக்கு எதுத்தாப்புல நின்னேன். கையில கிடைச்சதை எடுத்து எறியணும்னுதான் வந்தேன். சங்கு ஊதி எல்லாரும் வெளிய வந்தீங்க. நீ ரெண்டு பொம்பளைகளோட என்னமோ பேசிச் சிரிச்சுக்கிட்டே நடந்து போனே. யாரையும் பாத்துப் பயப்படாம. நானும் பத்தாவது வரைக்கும் படிச்சவதான். அன்னைக்குப் பஸ்ல திரும்பி வரும்போது உம்மேல கோவமே இல்ல. இவ மாதிரி நடக்கணும்னு மட்டும் இருந்துச்சு. அந்த நெனப்புலதான் பொறவு இந்த வேலைக்கே எழுதிப் போட்டேன்." முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "ஒனக்கு வேணும்னா இரு, வேண்டாம்னா போ. ஒன்னால ரெண்டும் முடியும். என்னால முடியாம இருந்துச்சு. இப்ப முடியுது. திரும்ப என்னை அங்க கூப்பிடாத தங்கச்சி" என்றாள்.

அன்று ராத்திரி உங்கப்பாவிடம் கேட்டேன். "அக்காவுக்குச் சம்மதம்னு சொன்னீங்களே, எப்பச் சொன்னீங்க அவங்ககிட்ட?" பாயில் பிரிந்து கிடந்த நூலை நகத்தால் பிய்த்தார். "சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் போவேன். போனதும் சோறு போட்டுருவா. சோறு போடுதவ மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்ல?" என்றார். எனக்கு அவர் மேல் ஆத்திரமும் வந்தது, பரிதாபமும் வந்தது. கெட்ட மனசு இல்லை அவருக்கு. தைரியம் இல்லை. அவருடைய பயத்துக்கு வாடகை கட்டினது நாங்கள் ரெண்டு பேர்.

நான் அவரை வெளியே அனுப்பவில்லை. வேலையையும் விடவில்லை. "இருங்க. ஆனா காலையில அரிசி நீங்க களையணும்" என்றேன். முதல் மாசம் குழைந்த சோறு தின்றோம். மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார். நீ எட்டாவது படிக்கும்போது உன் தலையை அவர்தான் பின்னிவிடுவார், ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. அந்த மனுஷனோடு நான் வாழ்ந்த கடைசிப் பத்து வருஷம்தான் கல்யாணம். அதற்கு முந்தியது விருந்து.

அவர் போனபோது உனக்குப் பதினேழு வயது, நீயே பார்த்தாய். உன் அண்ணன், கோமதி அக்கா பையன், பட்டாளத்திலிருந்து வந்து கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள், யாருக்குப் பூவும் பொட்டும் எடுப்பது, மூத்தவளுக்கா இளையவளுக்கா என்று பொம்பளைகள் குசுகுசுத்தபோது, கோமதி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வேண்டாம். நாங்க ரெண்டு பேரும் திங்கக்கெழம வேலைக்குப் போகணும்." குசுகுசுத்தவர்கள் எழுந்து பந்தி பரிமாறப் போனார்கள்.

வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இந்த வாழ்க்கை பொருந்துமா என்றுதானே கேட்கிறாய்? பொருந்தும். எனக்குப் பொருந்தியது. ஆனால் எனக்குப் பொருந்தினதற்குக் காரணம் என் சம்பளம் இல்லை. அந்தப் பக்கம் ஒருத்திக்குச் சம்பளம் இல்லாமல் இருந்ததுதான். அவளுக்கும் ஒரு வேலை வந்த அன்றைக்கு அந்த ஏற்பாடு பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. உன் சுதந்திரம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும், அதற்காக நான் சந்தோஷப்படுகிறேன். அதன் எடையைப் பொள்ளாச்சியில் யார் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. நீ செய்யாதே என்று நான் சொல்ல முடியாது. சொன்னால் நீ பிறந்ததையே வேண்டாமென்று சொன்ன மாதிரி ஆகிவிடும். உன்னைப் பெற்றதற்கு ஒரு நாளும் நான் வருந்தினதில்லை. அந்த மேனேஜர் பையனும் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. 'அவளுக்குச் சம்மதம்' என்று ஒரு ஆள் சொல்லும்போது, அது பொய்யாகக்கூட இருக்காது. அவனுடைய ஆசையாக இருக்கும். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்கிற வரைக்கும் அதற்கு மதிப்பில்லை.

நீ ஊருக்குப் போன மறுநாள் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் உன் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே, இதைக் கேட்க அவளைவிடத் தகுதியுள்ளவர் யாருமில்லை. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். திட்டவில்லை, அழவில்லை. கடைசியில், "அந்தப் பொள்ளாச்சிக்காரப் பிள்ள பேரு என்னட்டி?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை.

"செல்விக்காவது தெரியுமா?"

அதுவும் எனக்குத் தெரியவில்லை, செல்வி. நீ பேசின அத்தனை நேரத்தில் அந்தப் பெயர் ஒரு தடவை கூட வரவில்லை.

"போய்ப் பாக்கச் சொல்லு. அவனைக் கூட்டிக்கிட்டு இல்ல, தனியா. தனியாப் போகப் பயமா இருந்தா, பெரியம்மா தொணைக்கு வாரேன்னு எழுது. அந்தப் பிள்ளைகிட்ட எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

நானும் வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல், மூன்று பேரும் சேர்ந்தே போவோம். பார்த்துவிட்டு வந்து நீ என்ன முடிவு எடுத்தாலும் நான் உன் பக்கம்தான். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு எனக்கு எழுது.

அம்மா